ஹாரிங்டனின் மூன்று புத்தகங்கள்: 20 ஆண்டு கழித்தும் படிக்கலாமா?

போக்கரில் ஜெயித்துக்கொண்டிருக்கும் ஒருவர் எதற்காகத் தன் வித்தையைப் புத்தகமாகப் போட்டு விற்க வேண்டும்? ஜெயிக்காத ஒருவர் எழுதியிருந்தால் அதை நாம் எதற்காகப் படிக்க வேண்டும்? தொழில்முறை ஆட்டக்காரர்கள் எழுதிய உத்திப் புத்தகங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்த இரண்டு கேள்விகளும் வந்துவிடும். பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் இதற்கு முடிவு கிடைக்காது. ஒரு புத்தக வரிசையை எடுத்து, எழுதியவர் யார், என்ன சொன்னார், காலம் அதை என்ன செய்தது என்று பார்த்தால் ஓரளவு தெளிவு வரும். நான் எடுத்துக்கொண்டது டான் ஹாரிங்டனின் 'ஹாரிங்டன் ஆன் ஹோல்டெம்'. 2004, 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொன்றாக வெளிவந்த மூன்று தொகுதிகள். ஒரு காலத்தில் டோர்னமென்ட் ஆட வந்தவர்களில் இதைப் படிக்காதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. நோ-லிமிட் டெக்சஸ் ஹோல்டெமில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துத் தரப்படும். நடுவில் ஐந்து சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாக விழும்: முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. ஏழில் சிறந்த ஐந்தை வைத்து யார் கை பெரிதோ அவருக்கு நடுவில் குவிந்த பாட். மற்ற எல்லோரும் சீட்டைப் போட்டுவிட்டு விலகினால் காட்டாமலே ஜெயிக்கலாம். முன்னால் ஒருவர் வைத்த தொகையை (பெட்) அதே அளவுக்குப் போட்டு நிற்பது கால், அதைவிட ஏற்றிப் போடுவது ரெய்ஸ். ஒவ்வொரு கையிலும் இருவர் கட்டாயமாகப் போடும் தொகை ப்ளைண்ட் (ஒருவருக்குச் சின்னது, அடுத்தவருக்குப் பெரியது). எல்லோரும் போடும் சில்லறை ஆன்டி. டோர்னமென்டில் நேரம் ஆக ஆக இரண்டும் ஏறும். சிப் (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை) தீர்ந்தால் எழுந்து போக வேண்டியதுதான்.

எழுதியவருக்குத் தகுதி இருந்ததா?

ஹாரிங்டன் 1945-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். திவால் வழக்குகளைக் கவனித்த வழக்கறிஞர். 1971-இல் அந்த மாநிலத்தின் செஸ் சாம்பியன். அப்புறம் பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பேக்கமன், அப்புறம் போக்கர். மேசையில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ஆக்‌ஷன் டான்'. அது கிண்டல்தான், மணிக்கணக்கில் சீட்டைப் போட்டுவிட்டு சும்மா உட்கார்ந்திருப்பவர் என்று பெயர் எடுத்தவர் அவர்.

லாஸ் வேகாஸில் நடக்கும் வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கரின் முதன்மைப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். 1987-இல் 152 பேர் ஆடியதில் ஹாரிங்டன் ஆறாவது. 1995-இல் 273 பேரில் முதலிடம், 10 லட்சம் டாலர் பரிசு. 2003-இல் 839 பேரில் மூன்றாவது. 2004-இல் 2,576 பேரில் நான்காவது. புத்தகத்தின் முதல் தொகுதி அந்த ஆண்டிலேயே வந்தது.

இதெல்லாம் வெறும் அதிர்ஷ்டமாக இருக்கக்கூடாதா? நியாயமான சந்தேகம், போக்கர் டோர்னமென்டில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். இறுதி மேசைக்கு 9 பேர் வருவார்கள். எல்லோரும் ஒரே திறமை உள்ளவர்கள் என்று வைத்துக்கொண்டால் 2004-இல் ஒருவர் அந்த மேசைக்கு வரும் வாய்ப்பு 286-இல் ஒன்று. 2003-இல் இறுதி மேசையைப் பார்த்த 9 பேரும் மறு ஆண்டும் வந்து ஆடினார்கள் என்றே கொண்டாலும், அவர்களில் யாராவது ஒருவர் அதிர்ஷ்டத்தால் மட்டும் திரும்பவும் அங்கே உட்காரும் வாய்ப்பு சுமார் 3 சதவீதம். இவ்வளவு அரிதாக நடந்ததால்தான் நாம் அவரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் 1987-உம் 1995-உம் பக்கத்தில் நிற்கும்போது 'கண்ணை மூடிக்கொண்டு ஜெயித்தார்' என்ற வாதம் மெலிந்துபோகிறது. ஒரே ஒரு பெரிய போட்டியை ஜெயித்த கையோடு புத்தகம் எழுதியவர்களுக்கு இந்தச் சலுகையை நான் தர மாட்டேன்.

ஏன் எழுத வேண்டும்?

இந்தக் கேள்விக்கு ஹாரிங்டனுக்கு முன்னால் ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. டெக்சஸ்காரர் டாயில் பிரன்சன் 1976, 1977 என்று அடுத்தடுத்து இரண்டு முதன்மைப் போட்டிகளை வென்றார். இரண்டிலும் கடைசிக் கையில் அவரிடம் இருந்தது 10-2 என்ற உப்புச்சப்பில்லாத சீட்டு. இன்றுவரை அந்தக் கைக்கு அவர் பெயர்தான். அவர் 1970-களின் இறுதியில் சொந்தமாக அச்சிட்டு விற்ற 'சூப்பர் சிஸ்டம்' புத்தகத்தின் விலை 100 டாலர். சிப் ரீஸ், டேவிட் ஸ்க்லான்ஸ்கி, பாபி பால்ட்வின் போன்றவர்களை ஆளுக்கு ஓர் ஆட்டத்தைப் பற்றி எழுத வைத்து, நோ-லிமிட் ஹோல்டெமைத் தானே எழுதினார். விடாமல் அடித்து ஆடு, எதிராளியை ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வைத்துத் திணறடி என்பதுதான் அதன் சாரம். அதைப் படித்தவர்கள் அவரோடு ஆட உட்கார்ந்தபோது அவர் எப்போது, எதற்காக அடிக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எழுதியிருக்கவே கூடாது என்ற பொருளில் பிரன்சன் பின்னாளில் பேசியிருக்கிறார்.

ஹாரிங்டனின் நிலைமை வேறு. அவர் தினமும் மேசையில் உட்கார்ந்து பிழைத்தவர் அல்ல. வேறு தொழிலில் இறங்கி, ஆண்டுக்குச் சில டோர்னமென்ட்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தார். தன் முறையை வெளியே சொல்வதால் அவருக்குப் பெரிய நட்டம் இல்லை. 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் இணையத்தில் சில பத்து டாலர் கட்டி நுழைவுச் சீட்டு வென்று, அதே முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அதற்குப் பிறகு கூட்டம் அலைமோதியது: 2005-இல் 5,619 பேர், 2006-இல் 8,773 பேர். இவ்வளவு புதியவர்கள் கையில் காசோடு வரும்போது, அவர்களோடு ஆடுவதைப் போலவே அவர்களுக்குக் கற்றுத்தருவதும் நல்ல வியாபாரம். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. 'நல்ல உத்தி என்றால் எழுதியிருக்க மாட்டார்' என்ற வாதம் பிரன்சனுக்கே முழுசாகப் பொருந்தவில்லை; ஹாரிங்டனுக்குக் கொஞ்சமும் பொருந்தாது.

இன்னொரு விஷயத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்த மூன்று தொகுதிகளுக்கும் இணையாசிரியர் பில் ராபர்ட்டி. இரண்டு முறை பேக்கமன் உலகச் சாம்பியன், அந்த ஆட்டத்தைப் பற்றிப் பல புத்தகங்கள் எழுதியவர். ஜெயிக்கத் தெரிவது ஒன்று, சொல்லித்தரத் தெரிவது வேறொன்று. அத்தியாய முடிவில் வரும் பயிற்சிக் கைகள் செஸ் புதிர், பேக்கமன் புதிர் மரபில் வந்தவை: நிலைமையைச் சொல்லி, நீ என்ன செய்வாய் என்று கேட்டு, அப்புறம் விடையை அலசுவது. வெற்றிக் கதைகளை நடுநடுவே தூவி, சீட்டுப் பட்டியலோடு முடியும் புத்தகங்களை விட இது பல படி மேல்.

எம் என்ற எண்

இரண்டாம் தொகுதியின் உயிர் 'எம்' என்ற ஓர் எண்ணில் இருக்கிறது. பேக்கமன் மேதை பால் மாக்ரியலின் பெயரால் வந்தது. உங்கள் சிப்பை, ஒரு சுற்றுக்கான ப்ளைண்டும் ஆன்டியும் சேர்ந்த தொகையால் வகுத்தால் வருவது எம். ஒரு கையும் ஆடாமல் உட்கார்ந்திருந்தால் இன்னும் எத்தனை சுற்று தாங்குவீர்கள் என்று அது சொல்லும். 20-உம் அதற்கு மேலும் பச்சை மண்டலம். 10 முதல் 20 வரை மஞ்சள். 6 முதல் 10 வரை ஆரஞ்சு. 1 முதல் 5 வரை சிவப்பு. ஒன்றுக்குக் கீழே போனால் செத்த மண்டலம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

சிவப்பில் இருப்பவருக்குப் புத்தகம் சொல்வது: ஆடினால் எல்லாச் சிப்பையும் தள்ளு, இல்லையா, சீட்டைப் போட்டுவிடு. நடுவில் சின்னதாக ரெய்ஸ் செய்து பார்ப்பது, கால் செய்து அடுத்த சீட்டுக்காகக் காத்திருப்பது எல்லாம் கிடையாது. கேட்க முரட்டுத்தனமாக இருக்கும். கணக்கைப் பார்த்தால் புரியும். ப்ளைண்ட் 1,000-உம் 2,000-உம், பத்து பேர் ஆளுக்கு 200 ஆன்டி. நடுவில் 5,000 கிடக்கிறது. உங்களிடம் 20,000, எம் 4. எல்லோரும் விலகி, பட்டனில் (டீலர் இடம்) இருக்கும் உங்களிடம் ஆட்டம் வருகிறது. பின்னால் ப்ளைண்ட் போட்ட இருவர் மட்டுமே. ஒவ்வொருவரும் ஐந்தில் ஒரு முறை கால் செய்வார்கள் என்று வைத்துக்கொண்டால், இருவருமே விலகும் வாய்ப்பு 64 சதவீதம். அப்போது 5,000 சும்மா கிடைக்கும். மீதி 36 சதவீதத்தில் கால் வந்து, உங்கள் சுமாரான சீட்டு 35 சதவீத நேரம்தான் ஜெயிக்கும் என்றே எடுத்துக்கொள்வோம். சுமார் 43,000 உள்ள பாட்டில் உங்கள் பங்கு 15,000-க்குக் கொஞ்சம் மேல், போட்டது 20,000, ஏறக்குறைய 5,000 நட்டம். இரண்டையும் அதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் சராசரியாக 1,400 சிப் லாபம். மட்டமான சீட்டை வைத்துக்கொண்டு, பாதிக்கு மேல் தோற்பேன் என்று தெரிந்தே தள்ளினாலும் லாபம்.

இதே 20,000-இல் 5,000-த்தை ரெய்ஸ் செய்துவிட்டு எதிராளி தள்ளியதும் விலகினால் கால் பங்கு சிப் போச்சு. புதியவர்கள் அன்றைக்குக் கொத்துக்கொத்தாக இப்படித்தான் செத்தார்கள். இந்த ஓர் அத்தியாயத்தைப் படித்த ஆளுக்கும் படிக்காத ஆளுக்கும் 2005-இல் இருந்த வித்தியாசம் புத்தக விலையைப் போல நூறு மடங்கு இருக்கும் என்று தாராளமாகச் சொல்வேன். பின்னால் வந்த கணினி அட்டவணைகள் எந்தச் சீட்டோடு தள்ளலாம் என்பதைத் துல்லியமாக்கின. தள்ளு அல்லது விலகு என்ற முடிவை மாற்றவில்லை. மேசையில் ஆள் குறைந்தால் எம்மையும் குறைத்துப் படிக்க வேண்டும் என்ற திருத்தம்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது: பத்து பேருக்குப் பதில் ஐந்து பேர் என்றால் எம் 4 என்பது நடைமுறையில் 2.

கெட்டுப்போன பகுதிகள்

மஞ்சள் மண்டலம் அந்த அளவுக்குத் தாங்கவில்லை. மேலே சொன்ன ப்ளைண்ட், ஆன்டி விகிதத்தில் எம் 10 முதல் 20 வரை என்பது பெரிய ப்ளைண்டைப் போல 25 முதல் 50 மடங்கு. இன்றைய டோர்னமென்டில் அது சாதாரண, வசதியான அளவு. அந்த நிலைக்கு வந்தவுடன் ஆட்டத்தை அவசரமாகத் திறந்துவிட வேண்டும் என்று புத்தகம் தரும் பதற்றம் இப்போது தேவையில்லை.

முதல் தொகுதியில் பெரும்பகுதி, எந்த இடத்தில் உட்கார்ந்தால் எந்தச் சீட்டோடு நுழையலாம் என்பது. பட்டியல் இறுக்கமானது, ரெய்ஸ் பெரியது. பெரிய ப்ளைண்டைப் போல 3 மடங்குக்கு ரெய்ஸ் வந்தால் பெரிய ப்ளைண்டில் இருப்பவர் இன்னும் 2 போட்டு, மொத்தம் 7.5 ஆகும் பாட்டுக்காக ஆட வேண்டும். 27 சதவீதம் ஜெயித்தால்தான் கட்டுப்படி ஆகும். இன்று ரெய்ஸ் 2.2 அளவுக்கு இறங்கிவிட்டது, ஆன்டியையும் பெரிய ப்ளைண்டே மொத்தமாகப் போடுகிறார். அவர் சேர்க்க வேண்டியது 1.2, பாட் 5.9, 20 சதவீதம் போதும். கணக்கு மாறியதால் எவ்வளவோ அதிகச் சீட்டுகளோடு அவர் விடாமல் நிற்கிறார். பழைய பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு இன்றைய மேசைக்குப் போனால் ப்ளைண்டைக் கட்டிக்கட்டியே கரைந்துபோவீர்கள்.

கன்டினியுவேஷன் பெட்டின் கதை வேறு மாதிரி. முதலில் ரெய்ஸ் செய்தவர், நடுவில் மூன்று சீட்டு விழுந்ததும், தனக்கு ஒன்றும் அமையாவிட்டாலும் பாட்டில் பாதியளவு பெட் வைப்பது. எதிராளிக்கும் பெரும்பாலும் ஒன்றும் அமைந்திருக்காது, ஓடிவிடுவார். இந்தப் பெயரையும் பழக்கத்தையும் வீடு வீடாகக் கொண்டுபோனது இந்தப் புத்தகம்தான். விளைவு? எல்லோரும் வைத்தார்கள். எல்லோரும் வைக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. சும்மா கால் செய்துவிட்டு அடுத்த சீட்டில் பாட்டைப் பிடுங்கும் எதிர் உத்தி வந்தது. உத்தி தப்பாக இருந்து கெட்டதில்லை, பரவியதால் கெட்டது.

2004 இறுதி மேசையில் ஹாரிங்டன் ஆடிய ஒரு கையும் இப்படித்தான். ஜாஷ் ஏரியா ரெய்ஸ் செய்தார், கிரெக் ரேமர் கால் செய்தார். ஹாரிங்டனின் கையில் 6-2, குப்பை. அவர் பெரிதாக மறு-ரெய்ஸ் செய்ய, எல்லோரும் விலகினார்கள். முதல் ஆள் நடுவில் மாட்டிக்கொள்வார், இரண்டாம் ஆளிடம் பெரிய சீட்டு இருந்தால் கால் செய்யாமல் அவரே ரெய்ஸ் செய்திருப்பார் என்ற தர்க்கம், ஸ்க்வீஸ் என்பார்கள். அது பலித்ததற்குப் பாதிக் காரணம் 'ஆக்‌ஷன் டான்' சீட்டு இல்லாமல் வர மாட்டார் என்ற பெயர். அந்தப் பெயரைப் புத்தகக் கடையில் வாங்க முடியாது. தொழில்முறை ஆட்டக்காரர் எழுதிய உத்தியில், அவரது ஆளுமை எவ்வளவு, உத்தி எவ்வளவு என்று பிரித்துப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம் ஏமாந்தார்கள்.

இயந்திரம் திருத்திய விடைத்தாள்

2017 ஜனவரியில் பிட்ஸ்பர்கில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற நிரல், தொழில்முறை ஆட்டக்காரர்கள் நால்வருடன் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் முறையில் மொத்தம் 1,20,000 கைகள் ஆடி, 17 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள சிப்பை ஜெயித்தது. 2019-இல் அதே குழுவின் ப்ளூரிபஸ் ஆறு பேர் மேசையில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. ப்ளூரிபஸ் எந்தப் போக்கர் புத்தகத்தையும் படித்ததில்லை. தன்னோடு தானே ஆடிக் கற்றுக்கொண்டது. ஆகவே புத்தகங்கள் சொன்னது சரியா என்று பார்க்க அதைவிட நல்ல நடுவர் கிடைக்காது.

தீர்ப்பு கலவையாக வந்தது. முதல் ஆளாக நுழையும்போது ரெய்ஸ் செய், வெறுமனே ப்ளைண்ட் அளவுக்குப் போட்டு நுழையாதே என்பது பழைய பாடம். சின்ன ப்ளைண்டில் இருப்பவரைத் தவிர மற்றவர்களுக்கு அது சரி என்று இயந்திரமும் சொன்னது. போன சுற்றில் கால் செய்தவர் அடுத்த சுற்றை பெட்டோடு தொடங்குவது முட்டாள்தனம் என்பதும் பழைய பாடம். கிண்டலாகக் கழுதை பெட் என்றே பெயர். ப்ளூரிபஸ் அதை மனித வல்லுநர்களை விட அதிகமாகச் செய்து ஜெயித்தது.

ஹாரிங்டனுக்கு நான் முழு மதிப்பெண் போடும் இடம் ஒன்று உண்டு. ஒரே மாதிரி நிலைமையில் எப்போதும் ஒரே மாதிரி ஆடாதே. பெரும்பாலும் ரெய்ஸ் செய், சில சமயம் கால் செய். எப்போது எது என்பதை உன் மனசு தீர்மானிக்க விடாதே, கைக்கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துத் தீர்மானி என்றார். அன்றைக்குப் பலர் இதைக் கிறுக்குத்தனமாகத்தான் பார்த்திருப்பார்கள். இன்று கணினி தரும் விடைகள் முழுக்க இப்படித்தான் இருக்கின்றன: இந்தச் சீட்டோடு இத்தனை சதவீதம் ரெய்ஸ், இத்தனை சதவீதம் கால். எதிராளி பெரிதாகத் தள்ளும்போது அது பொய்யாக இருக்கும் வாய்ப்பு ஒருபோதும் 10 சதவீதத்துக்குக் கீழே இல்லை என்பதும் அவர் வாக்குதான். அந்த 10 எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று கேட்கக்கூடாது. பயந்தாங்கொள்ளிகளுக்குக் கொடுத்த மருந்து அது.

படிப்பதென்றால்

மரியா கொன்னிகோவா என்ற உளவியலாளர் போக்கரே தெரியாமல் பழுத்த தொழில்முறை ஆட்டக்காரரான எரிக் சைடெலிடம் சீடராகச் சேர்ந்து, 2018 ஜனவரியில் பஹாமாஸில் ஒரு போட்டியை வென்று 84,600 டாலர் வாங்கினார். அவர் தொடக்கத்தில் படித்தவற்றில் ஹாரிங்டனும் உண்டு. அதை வைத்து 'புத்தகம் படித்தே ஜெயிக்கலாம்' என்று சொல்பவர்கள், பக்கத்தில் சைடெல் உட்கார்ந்திருந்ததைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

புத்தகத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு முதல் தொகுதியில் உள்ள ஒரு வரிசைதான் என் பதில். ஒரு கையை ஆடும் முன் கேட்க வேண்டியவை என்று 11 கேள்விகள். போட்டி எந்தக் கட்டத்தில் இருக்கிறது, மேசையில் எத்தனை பேர், யார் யார், என் சிப் எவ்வளவு, மற்றவர்களுடையது எவ்வளவு, முன்னால் என்ன பெட் வந்தது, பின்னால் எத்தனை பேர் பாக்கி, பாட் எனக்கு என்ன விலை தருகிறது என்று போய், பதினோராவதாகத்தான் 'உன் கையில் என்ன சீட்டு?' என்று கேட்கிறார். புதிதாக ஆடுபவர் சீட்டைத் தூக்கிப் பார்த்த அந்த நொடியிலேயே முடிவெடுத்துவிடுவார். இந்தக் கேள்விகளுக்கு 2004-இல் எழுதிய விடைகளில் நிறைய மாறிவிட்டன. கேள்விகளில் ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை. கணினி நிரல் விடையைத்தான் தருகிறது. எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாதவருக்கு அது திரையில் காட்டும் வண்ண வண்ணக் கட்டங்களால் ஒரு பயனும் இல்லை.

ஹாரிங்டனே 2014-இல் நவீன டோர்னமென்ட் ஆட்டத்தைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் கொண்டுவந்தார். பழைய தொகுதிகளில் எது காலாவதி என்று எழுதியவருக்கே தெரியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். பழையதைப் படிப்பவர்கள் இரண்டாம் தொகுதியில் எம் பற்றிய பகுதியிலிருந்து தொடங்கலாம். அப்புறம் முதல் தொகுதிக்குத் திரும்பி, அந்த 11 கேள்விகளையும் அத்தியாய முடிவுக் கைகளையும் மட்டும், விடையைக் கையால் மறைத்துக்கொண்டு, பென்சிலோடு படியுங்கள். எந்தச் சீட்டோடு நுழையலாம் என்ற பட்டியலைத் தாண்டிவிடுங்கள்; அதற்கு இலவசமாகவே நல்ல அட்டவணைகள் கிடைக்கின்றன. மூன்றாம் தொகுதி பயிற்சிப் புத்தகம், முதல் இரண்டும் பிடித்திருந்தால் மட்டும். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் இணையத்தில் காசு வைத்து ஆடுவதைத் தடை செய்திருக்கிறது. ஆகவே நம் ஊரில் பயிற்சி என்றால் நண்பர்களோடு காசில்லாச் சிப்தான். எம் கணக்கை ஆடிப் பழக அது போதும்.